தண்ணீர் வலது கையில்

ராயபுரம்,
24-9-2024

ஃப்ளோரன்ஸுக்கு,

போன வருடம் அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி, கொடைக்கானலுக்கு மேலே வெள்ளைப்பாறை ஏரிக்கரையில், பனிமூட்டத்தின் நடுவில், எழுபத்திரண்டு வயதான உன் அண்ணனைத் தனியாக விட்டுவிட்டு நீ போய்விட்டாய். நடந்த தவறு இதுதான். இதற்கு வேறு பெயர் வைக்க முடியாது.

பதினோரு மாதம் நான் வாய் திறக்கவில்லை. நீயாகவே ஒத்துக்கொள்வாய் என்று காத்திருந்தேன். இப்போது எழுதுவதற்குக் காரணம், புது வருடத்துக்குப் பிறகு உன் மகள் ஹெப்சிபா உன்னைக் கோயம்புத்தூருக்கே கூட்டிக்கொண்டு போகப்போகிறாள் என்று என் மகன் ஜெரி சொன்னதுதான். போகிறவள் போகலாம். கணக்கைத் தீர்க்காமல் போகக் கூடாது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தப்பிருந்தால் காட்டு.

காலை பத்தரைக்கு ஏரிக்கு வந்தோம். வெயில் இருந்தது. தண்ணீரின் அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம் போல இருந்தது. நைனாவோடு 1963-இல் பார்த்த அதே ஏரி, அதே ஐப்பசி. அறுபது வருடம் கழித்து அதே கரையில் ஒரு சுற்று நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது நீ. ஏற்பாடு எல்லாம் செய்தது நான். சப்பட்டைப் பாறையில் நீ உட்கார்ந்தாய். முட்டி வலிக்கிறது என்றாய். செருப்பைக் கழற்றினாய். ஜெபமாலையை எடுத்தாய். "நீ போய்க்கினே இரு, நான் வரேன்" என்றாய். இது உன் வாயிலிருந்து வந்த வார்த்தை.

நான் போனேன். ஒரு மைல் தள்ளிப் பட்டுப்போன மரம் ஒன்று நிற்கும். அங்கே நின்றேன். பனி இறங்கியது. என் கையே எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் நின்று உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பைன் மரத்துக் காற்றில் என் சத்தம் எனக்கே திரும்பவில்லை. அந்த மரத்தில் என் நீலக் கைக்குட்டையை அடையாளமாகக் கட்டிவிட்டு, ஏரியைச் சுற்றிக்கொண்டு நீ உட்கார்ந்த பாறைக்கே வந்து சேர்ந்தேன். நீ அங்கே இல்லை. மறுபடியும் சுற்றினேன். மரத்தில் கட்டிய கைக்குட்டையையும் காணோம். மலையில்கூடத் திருடுகிறார்கள். மொத்தம் மூன்றேகால் மணி நேரம் நடந்தேன். கடைசியில் மதகுக்கு மேலே இருக்கும் செக்போஸ்டில் உன் சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தால் கம்பளி போர்த்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. "நான்தான் விட்டுவிட்டு வந்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. போனில் வேண்டாம். போனில் நீ குறுக்கே பேசுவாய்.

இன்னாசி


காலடிப்பேட்டை,
30-9-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

"அன்புள்ள" என்று எழுதுவதற்குள் உன் பேனாவில் இங்க் தீர்ந்துவிட்டதா? எனக்கு இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரப் பெண் நவ்ரீன் வாசலில் நின்று சிரித்தாள். "இன்னாம்மா, இதோ இங்க கீற ராயபுரத்துலேந்து லெட்டரு! நடந்து வந்திருந்தாகூட ஒன்னரை மணி நேரத்துல வந்திருப்பாரே" என்றாள். "அவுரு நடந்து வந்தா கவுரவம் தேஞ்சிடும் கண்ணு" என்று சொன்னேன். உன் கடிதம் எங்கெங்கோ சுற்றி மூன்று நாள் கழித்து வந்திருக்கிறது.

இப்போது என் ஞாயத்தைக் கேள். விட்டுவிட்டுப் போனவன் நீ. "போய்க்கினே இரு" என்றால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் போய்க்கொண்டிரு என்று அர்த்தம். திரும்பிக்கூடப் பார்க்காமல் போவதற்குப் பெயர் அது இல்லை. நான் முட்டியைத் தேய்த்தேன், ஒரு ஜெபமாலை முடித்தேன். அதற்குள் பனி வந்துவிட்டது. நீ திரும்பி வருவாய் என்று முக்கால் மணி நேரம் அந்தப் பாறையில் காத்திருந்தேன். குளிரில் பல் கிட்டியது. நீ வரவில்லை. நான் தேடிக்கொண்டு கிளம்பினேன். பையில் இருந்த ஆரஞ்சைப் பாறை மேல் வைத்துவிட்டுப் போனேன். அண்ணன் வந்தால், தங்கச்சி இங்கேதான் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று.

முழுசாக ஒரு சுற்று சுற்றி அந்தப் பாறைக்குத் திரும்பி வந்தேன். ஆரஞ்சு இல்லை. தோல் மட்டும் கிடந்தது. அதையும் நீ உரிக்கிற மாதிரி ஒரே சுருளாக உரித்துப் போட்டிருந்தாய். வந்திருக்கிறாய், ஆரஞ்சைத் தின்றிருக்கிறாய், ஐந்து நிமிஷம் காத்திருக்கக்கூட மனசு வராமல் போயிருக்கிறாய். அந்தத் தோலைப் பார்த்தபோது வந்த அழுகை அண்ணி செத்தபோதுகூட எனக்கு வரவில்லை.

அப்புறம் முட்டி மடங்கவில்லை. மதகில் உட்கார்ந்துவிட்டேன். ஃபாரஸ்ட் வாட்சர் தமீம் பார்த்து, செக்போஸ்டுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்க் கம்பளி கொடுத்தான். டீ கொடுத்தான். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, நீ வந்து நின்றாய். நனைந்த கோழி மாதிரி இருந்தாய். ஓடி வந்து கையைப் பிடிப்பாய் என்று நினைத்தேன். நீ இன்னா கேட்டே, ஞாபகம் கீதா?

"இன்னா, டீ சூடா கீதா?"

அந்த டீயை மண்ணில் கொட்டினேன். ரயிலில் எக்மோர் வரைக்கும் நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய், நான் எதிர் சீட்டு ஆளின் செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். நைனா கல்லறைக்கு நீ காலையிலேயே போய்விட்டாய், நான் சாயங்காலம் போனேன். நீ வைத்த மெழுகுவத்தி பாதி எரிந்து அணைந்திருந்தது. நான் அதை ஏற்றவில்லை. பக்கத்தில் என்னுடையதை ஏற்றிவைத்துவிட்டு வந்தேன். அப்படி நடந்துகொண்டதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆரம்பித்தது நீ.

கையெழுத்தும் கிடையாது, ஒரு வரியும் கிடையாது.

ஃப்ளோரன்ஸ்


ராயபுரம்,
7-10-2024

ஃப்ளோரன்ஸுக்கு,

"ஞாயம்" என்று எழுதியிருக்கிறாய். நியாயம் என்பதே சரி. எட்டாம் வகுப்போடு நின்றவன் சொல்கிறேன், லைப்ரரியில் அகராதி இருக்கிறது, பார்த்துக்கொள்.

ஆரஞ்சைத் தின்றது நான்தான். மறுக்கவில்லை. அது அடையாளம் என்று எனக்கு எப்படித் தெரியும்? பையைச் சரியாக மூடாமல் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தேன். நீ சின்ன வயதிலிருந்தே எதையாவது விட்டுவிட்டு வருகிறவள். சிலேட்டு, குடை, ஒரு தடவை என் பம்பரம். மேலும் எனக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது.

நான் ஹார்பரில் முப்பத்தாறு வருடம் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டியவன். அங்கே ஒரு சரக்குப் பெட்டி காணாமல் போனால், "எவன்டா எடுத்தான்" என்று முதலில் கேட்க மாட்டார்கள். "கடைசியா எங்க பாத்தே, அப்பால எங்க போச்சு" என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்டால்தான் பெட்டி கிடைக்கும். ஆகவே நானும் அப்படியே கேட்கிறேன். பாறையிலிருந்து எழுந்த பிறகு நீ எங்கெங்கே போனாய், என்னென்ன பார்த்தாய்? பட்டுப்போன மரத்தைப் பார்த்தாயா? பார்த்திருந்தால் அப்போது என் கைக்குட்டை அதில் இருந்ததா, இல்லையா? உணர்ச்சி வேண்டாம். விவரம் மட்டும் எழுது.

உணர்ச்சி வேண்டாம் என்று எழுதிவிட்டு நானே ஒன்று எழுதப்போகிறேன். 1963-இல் அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நைனா பேசின் பிரிட்ஜ் யார்டில் பாயிண்ட்ஸ்மேன். ஒரு நாளைக்கு நூறு வண்டியைத் தடம் மாற்றி விடுகிற மனுஷன், அம்மா போன பிறகு நம் இரண்டு பேரை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். ரயில்வே பாஸ் சும்மா கிடந்தது. "வாங்கடா, எங்கயாச்சும் போலாம்" என்று கிளம்பினார். எங்கே என்று அவருக்கே தெரியாது. கொடை ரோடில் இறங்கினோம். லாரியில் ஏறினோம். ஏரியைப் பார்த்ததும் நீ கேட்டாயே ஒரு கேள்வி: "நைனா, இந்தக் கடலுக்கு அந்தாண்ட கரை கீதே, அப்ப கப்பல் எங்க போவும்?" அம்மா செத்த பிறகு நைனா முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நான் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். பிறந்ததிலிருந்து காசிமேட்டுக் கடலும் எண்ணூர்க் கழியும்தான் எனக்குத் தண்ணீர். உப்பு இல்லாததால் ஏதோ கெட்டுப்போன தண்ணீர் என்று நினைத்துத் துப்பிவிட்டேன். நைனா தலையில் தட்டினார். "டேய், இதான்டா தண்ணி" என்றார்.

இந்த இரண்டும் நடந்தது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான் மீதி. அதில் ஒருத்தி கோயம்புத்தூர் போகிறாள். அதனால்தான் விவரம் கேட்கிறேன். வேறு காரணம் இல்லை.

இன்னாசி


காலடிப்பேட்டை,
14-10-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நியாயம். நியாயம். நியாயம். மூன்று தடவை சரியாக எழுதிவிட்டேன். இனி அதைச் செய்வது உன் வேலை.

உன் கைக்குட்டை என்னிடம் இருக்கிறது.

குதிக்காதே. திருடவில்லை. மரத்தில் தொங்கியது. அது அடையாளம் என்று எனக்கு எப்படித் தெரியும்? கிளையில் காயப் போட்டுவிட்டு மறந்துபோய்விட்டான் என்று நினைத்தேன். அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டேன், பார்த்ததும் கொடுக்கலாம் என்று. பார்த்ததும் நீ டீயைப் பற்றிக் கேட்டாய். வீட்டுக்கு வந்து துவைத்து, இஸ்திரி போட்டு, பீரோவில் மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். கோபம் வரும்போதெல்லாம் எடுத்துத் தரையைத் துடைக்கலாமா என்று யோசிப்பேன். துடைக்கவில்லை.

விவரம் கேட்டாய். நான் பாறையிலிருந்து எழுந்தேன். பனியில் வழி தெரியவில்லை. பயமாக இருந்தது. அறுபத்தேழு வயதுக் கிழவிக்கு வாய்விட்டு அழுகிற மாதிரி பயம். அப்போது நைனா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. அம்மா போன பிறகு ராயபுரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து நாம் இரண்டு பேரும் தனியாக நடந்து வர வேண்டியிருந்ததே. நைனா காலையில் கேட்டில் விடும்போது தினமும் சொல்வார்: "தண்ணிய வலது கைல வெச்சிக்கினு நட. எங்கயும் திரும்பாத. வூடு தானா வந்துடும்." நீ முன்னால் போவாய். நான் வலது கையைக் கடல் பக்கம் நீட்டிக்கொண்டே பின்னால் வருவேன், கை விட்டால் கடல் ஓடிவிடும் என்கிற மாதிரி. வெள்ளைப்பாறை ஏரியிலும் நைனா நம்மை அப்படித்தான் சுற்றிக் கூட்டிப் போனார். பொறப்பட்ட இடத்துக்கே வந்து நின்று, "பாத்தியா, எங்க போனாலும் இதான் வழி" என்றார்.

அதனால் போன வருடமும் அப்படியே நடந்தேன். தண்ணீரை வலது கையில் வைத்துக்கொண்டு, எங்கேயும் திரும்பாமல். மரம் வந்தது, கைக்குட்டையை எடுத்தேன். பாறை வந்தது, ஆரஞ்சுத் தோலைப் பார்த்தேன். மதகு வந்தது, உட்கார்ந்தேன். இதுதான் விவரம்.

இதை எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தபோது என் மனதில் ஒன்று இடறியது. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். வியாக்கியானம் வேண்டாம், பதில் மட்டும் எழுது.

நீ நடந்தபோது தண்ணீர் எந்தக் கைப் பக்கம் இருந்தது?

ஃப்ளோரன்ஸ்


ராயபுரம்,
18-10-2024

ஃப்ளோரன்ஸுக்கு,

வலது கை. வேறு எந்தக் கையில் இருக்கும்?

இன்னாசி


காலடிப்பேட்டை,
22-10-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே பிரித்தேன். நவ்ரீன் இன்னும் சைக்கிளில் ஏறவில்லை. நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துபோய், "இன்னாம்மா ஆச்சு, ஒக்காரு ஒக்காரு" என்று பிடித்துக்கொண்டாள். அப்புறம் சிரிப்பு அழுகையாகிவிட்டது. அவளே உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ ஒரு காரியம் செய். சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்துத் தண்ணீர் ஊற்று, அதுதான் ஏரி, விளிம்புதான் கரை. இரண்டு தீக்குச்சி எடு. தீப்பெட்டி ஃபேக்டரியில் இருபது வருடம் பெட்டி அடுக்கியவள் வீட்டில் குச்சிக்குப் பஞ்சமில்லை, உன் வீட்டில் இல்லையென்றால் வாங்கிக்கொள். ஒரு குச்சியைக் கொளுத்தி அணை. தலை எரிந்த குச்சி நீ, எரியாதது நான். என்னைப் பாறையில் வை. உன்னை மரத்தில் வை. இப்போது இரண்டு குச்சிக்கும் தண்ணீரை வலது கையில் கொடுத்து நகர்த்து.

பார்த்தாயா? நீ பாறைக்கு வரும்போது நான் மரத்தைத் தாண்டிவிட்டேன். நீ மரத்துக்கு வரும்போது நான் பாறைக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் சுற்றினாலும் ஒட்டாது. விடிய விடியச் சுற்றினாலும் ஒட்டாது. யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. நீ என்னைத் தேடிக்கொண்டு என் பின்னால் வந்தாய். நான் உன்னைத் தேடிக்கொண்டு உன் பின்னால் வந்தேன். உன் அடையாளத்தை நான் எடுத்துப் பையில் போட்டேன், என் அடையாளத்தை நீ தின்றுவிட்டாய்.

ஹெப்சிபாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் கேட்டாள், "ஏம்மா, ரெண்டு பேர்ல ஒருத்தர், ஒரே ஒரு தடவை திரும்பி நடந்திருந்தா போதுமே?" நான் சொன்னேன், "எங்க வூட்ல யாரும் திரும்ப மாட்டாங்கடி. எங்க நைனா கத்துக் குடுக்கல."

ஒரு வருடம் போய்விட்டது அண்ணா. இந்த ஒரு வருடத்தில் நீ பெரிய சுகவீனம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததை ஜெரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் திரும்பினேன். அந்த ஒரு தடவை மட்டும் திரும்பிவிட்டேன், திரும்பக் கூடாத இடத்தில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முட்டி ஆபரேஷனை டாக்டர் முன்னாலேயே வைத்துவிட்டார். நவம்பர் பதினெட்டாம் தேதி ஹெப்சிபா வந்து கூட்டிப் போகிறாள். புது வருடம் வரைக்கும் இல்லை. ஆபரேஷன் செய்த முட்டியை வைத்துக்கொண்டு இனிமேல் மலையில் நடக்க விட மாட்டார்கள். இந்த வீட்டையும் காலி செய்கிறேன். நைனா, அம்மா, நீ, நான் எல்லாரும் இருந்த வீடு. நான் போன பிறகு, கடலை வலது கையில் வைத்துக்கொண்டு நீ நடந்தால் எந்த வீடு வரும்? அதை நினைத்துக்கொண்டுதான் நான்கு நாளாகச் சாமான் கட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். நானும் கேட்கப் போவதில்லை. தப்பு யாருடையது என்று பார்த்தால் அது நைனாவுடையது, அவரிடம் போய்ச் சண்டை போட முடியாது. ஆனால் அந்த டீயைப் பற்றி மட்டும் நீ ஏன் அப்படிக் கேட்டாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஃப்ளோரன்ஸ்


ராயபுரம்,
26-10-2024

அன்புள்ள ஃப்ளோரன்ஸுக்கு,

இங்க் வாங்கிவிட்டேன்.

தட்டை வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை பார்த்து நம்பவில்லை. ஏழு தடவை பார்த்தேன். ஐந்தாவது தடவை, எரிந்த குச்சியைக் கொஞ்சம் வேகமாக நகர்த்திப் பார்த்தேன், உன்னைப் பிடித்துவிடலாமா என்று. பிடித்துவிடலாம். ஆனால் அன்று எனக்கு அவ்வளவு வேகம் இல்லை. எழுபத்திரண்டு வயது. அப்புறம் ஒரே ஒரு தடவை குச்சியைத் திருப்பி எதிர்ப்பக்கமாக நகர்த்தினேன். மூன்று விரற்கடை நகர்த்துவதற்குள் இரண்டும் முட்டிக்கொண்டன. மூன்று விரற்கடை! பார்த்துவிட்டுத் தட்டைக் கவிழ்த்துவிட்டேன். தரையெல்லாம் தண்ணீர்.

ஆகவே முதல் கடிதத்தில் நான் எழுதிய முதல் வாக்கியம் தவறு. அதை வாபஸ் வாங்குகிறேன். எழுத்தில் எழுதியதை எழுத்தில்தான் வாபஸ் வாங்க வேண்டும், அதனால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் இன்றைக்கே வந்திருப்பேன்.

டீயைப் பற்றிக் கேட்டாய். இரண்டாவது சுற்றில் மரத்தில் கைக்குட்டை இல்லை என்று பார்த்ததும் பாதையை விட்டு இறங்கினேன். தண்ணீரின் ஓரமாக நடந்தேன். பனிக்குள் தண்ணீர் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு அமைதியாக இருந்தது. காலையில் கூழாங்கல்லை எண்ணலாம் என்று சந்தோஷப்பட்ட அதே தண்ணீரில், கரையிலிருந்து இரண்டடி உள்ளே, அடியில் உன் புடவை தெரிகிறதா, தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு பாறையும் உன்னைப் போலவே கிடந்தது. "புளோரி, புளோரி" என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன். அந்தப் பெயரைச் சொல்லி அம்மாவுக்கு அப்புறம் யாரும் உன்னைக் கூப்பிட்டதில்லை. நைனாவிடம் போய் என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். அவர் செத்து முப்பது வருடம் ஆகிறது என்பதே அப்போது ஞாபகம் வரவில்லை.

அப்படிப் போனவனுக்கு, நீ கம்பளிக்குள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்டால் வாயில் என்ன வரும்? நான் எவ்வளவு பயந்துபோனேன் என்று உனக்கும் அந்தத் தமீமுக்கும் தெரியக் கூடாது. வாயில் வந்தது டீ சூடா கீதா. அந்த வார்த்தைக்கு அர்த்தம், நீ உசிரோட கீறியா என்பது. நான் சொன்ன விதத்தில் அது அப்படிக் கேட்கவில்லை. எனக்குப் புரிகிறது.

ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து நீ திரும்பிப் போனதை நான் மேலே ஜன்னலிலிருந்து பார்த்தேன். பச்சைப் புடவை. நர்ஸை விட்டுக் கூப்பிடச் சொல்லலாம் என்று நினைத்து, சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இனி பேசிப் பயனில்லை. நாள் குறைவு. நீ கிளம்ப இருபத்துமூன்று நாள், ஐப்பசி முடிய அதைவிடக் குறைவு. செய்ய வேண்டியதையும், யார் செய்ய வேண்டும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். இதில் விவாதம் கிடையாது.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். காலை ஐந்தரைக்கு ராயபுரத்தில் கிளம்பி, கடலை வலது கையில் வைத்துக்கொண்டு, நடந்தே காலடிப்பேட்டை வீட்டுக்கு வர வேண்டியது: இன்னாசி. மெட்ரோவில் வா என்று யாரும் சொல்லக் கூடாது. வீடு காலியாவதற்குள் ஒரு தடவையாவது நைனா சொன்னது சரியாக நடக்க வேண்டும்.

வாசலில் நிற்க வேண்டியது: ஃப்ளோரன்ஸ். உட்கார்ந்தே நிற்கலாம். நாற்காலி போட்டுக்கொள்.

அங்கிருந்து காசிமேட்டுக் கல்லறைக்கு ஆட்டோ கொண்டுவர வேண்டியது: ஜெரி. சொல்லிவிட்டேன். போகும்போது கடல் நமக்கு இடது கையில் வரும். அது எப்படி இருக்கும் என்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்துப் பழக வேண்டியது: இன்னாசி.

மெழுகுவத்தி ஒன்றே ஒன்று வாங்க வேண்டியது: ஃப்ளோரன்ஸ். இரண்டு வேண்டாம்.

நவம்பர் எட்டாம் தேதிக்குக் கொடை ரோடுக்கு இரண்டு டிக்கெட், இரண்டும் கீழ்ப் படுக்கை, எடுக்க வேண்டியது: ஹெப்சிபா. அவள் கத்துவாள். கத்தட்டும். டாக்டரிடம் அனுமதி கேட்க வேண்டியது அவள்தான், அவளிடம் யாரும் முடியாது என்று சொன்னதில்லை.

ஏரிக்கு உள்ளே விடச் சொல்லியும், பாறை வரைக்கும் ஜீப்பில் கொண்டுவிடச் சொல்லியும் தமீமுக்கு எழுத வேண்டியது: இன்னாசி. எழுதியாகிவிட்டது. டீ போட்டு ஃபிளாஸ்கில் வைக்க வேண்டியது: தமீம். அதைக் கொட்டாமல் குடிக்க வேண்டியது: ஃப்ளோரன்ஸ்.

நீலக் கைக்குட்டையைக் கொண்டுவர வேண்டியது: ஃப்ளோரன்ஸ். ஆரஞ்சு வாங்கிவர வேண்டியது: இன்னாசி. ஆறு வாங்குவேன். எதையும் எங்கேயும் அடையாளமாக வைக்கக் கூடாது, இரண்டு பேரும்.

சப்பட்டைப் பாறையிலிருந்து, தண்ணீரை வலது கையில் வைத்துக்கொண்டு, முட்டி விடுகிற வரைக்கும் நடக்க வேண்டியது: ஃப்ளோரன்ஸ். பத்தடியானாலும் போதும். முட்டி நின்ற இடத்தில் உட்கார்ந்து, ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கலாம். பனி வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. தேடிக்கொண்டு வரக் கூடாது.

அதே பாறையிலிருந்து எதிர்ப்பக்கமாகத் திரும்பி, தண்ணீரை இடது கையில் வைத்துக்கொண்டு, நீ கண்ணில் படும் வரைக்கும் நடக்க வேண்டியது: இன்னாசி.